காலிலிருந்து கைக்கு

பெரிய முதலியார்சாவடி
17.11.2023

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இல்லாமல் இருக்க நீயே எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை பாண்டி ஆஸ்பத்திரியில் உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆண்டாள், ஆண்டாள், மரக்காணம் ஆண்டாள். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்தக் குள்ள நர்ஸ் வந்து, "பேஷன்டே வரலை, நீங்க எதுக்கும்மா உக்காந்திருக்கீங்க? கொழந்தைக்கு வேற மூக்கு ஒழுகுது, எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள். ஒன்பது மாதக் குழந்தையை நோயாளிகள் நடுவில் நாலு மணி நேரம் வைத்திருந்தேன், உனக்காக. அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல்.

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். உன் வலது கையில் மோதிர விரலுக்குப் பின்னால், புறங்கைக்குள் இருந்த எலும்பைக் கட்டி அரித்துவிட்டது. புற்று இல்லை, ஆனால் விட்டால் பக்கத்து எலும்புக்கும் போகும் என்றார் டாக்டரம்மா. செப்டம்பர் இருபத்தேழாம் தேதி அந்த எலும்பையே எடுத்துவிட்டு வேறு எலும்பு வைத்தார்கள். அது நகராமல் இருக்க இரண்டு கம்பி குத்தியிருக்கிறார்கள். ஏழாவது வாரம் கம்பியை உருவ வேண்டும். உருவாவிட்டால் அந்த வழியாகவே சீழ் உள்ளே போகும். அப்புறம் விரலை மடக்கப் பழக வேண்டும். பழகாவிட்டால் கை கட்டையாகவே நின்றுவிடும்.

போன் செய்தால் எடுக்கிறாய். "அக்கா" என்றதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழித்தால் மறுபடி எழுதுவேன்.

வரும் செவ்வாய் வா. எந்தக் கோபமாக இருந்தாலும் கம்பியை எடுத்த பிறகு வைத்துக்கொள்.

சத்யப்ரியா


மரக்காணம்
22.11.2023

ப்ரியாவுக்கு,

எழுதுறது பக்கத்து வீட்டு சகாயசெல்வி. உங்க அக்கா கையில கட்டு இருக்குறதால அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். திட்டுறதையும் விடாம எழுதணும்னு சொல்லியிருக்காங்க. நான் ஜெபத்துக்குப் போற பொம்பளை, சிலதை விட்டுட்டுதான் எழுதுவேன். இனிமே அவங்க பேச்சு.

ஏன்டி, எனக்கா மறந்துபோச்சு? மயக்கம் தெளிஞ்சு பாக்குறேன், கையில கட்டு. சரி. கால்ல எதுக்குடி கட்டு? நர்ஸைக் கூப்ட்டு, "ஏம்மா, பெட்டு மாத்திப் போட்டுட்டீங்களா, இது வேற யாருக்கோ பண்ண வேண்டியதா"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்குது. "கால்ல இருந்து எடுத்துதானேம்மா கையில வெச்சிருக்கு, உங்களுக்குத் தெரியாதா"ன்னுது. எதிர் பெட்டுக் கெழவிக்குத் தெரிஞ்சிருக்குது. கூட்டுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. காலுக்குச் சொந்தக்காரி எனக்கு மட்டும் தெரியலை.

எலும்பு வெப்பாங்கன்னு நீ சொன்னப்ப நான் ஸ்டீல் தகடுன்னு நெனச்சேன். எங்க உப்பள மேஸ்திரி கலியமூர்த்திக்குத் தொடையில வெச்ச மாதிரி.

வலது கால்ல நாலாவது விரலுக்குப் பின்னாடி இப்ப எலும்பு கெடையாது. விரல் சும்மா தொங்குது. நான் ஒரு பக்கம் போறேன், அது ஒரு பக்கம் போவுது. நீ காலேஜ் போனதுல இருந்து உப்பளத்துப் பக்கம் திரும்பிப் பாக்கலை, அதனால சொல்றேன். தை பொறந்தா மிதி. பாத்தித் தரையை வரிசையா நின்னு கால்ல மிதிச்சு மிதிச்சு இறுக்கணும், இல்லன்னா சேறு கலந்த உப்புதான் வரும். எந்தச் செட்டு மிதிக்குதோ அந்தச் செட்டுக்குத்தான் அந்த வருஷம் உப்பு வாருற வேலை. மிதிக்கு வராதவ கையில வாருபலகையைக் கொடுக்க மாட்டாங்க. அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். எங்க செட்டுல முதல் ஆளா எறங்குறவ நான். என் காலைப் பாத்துத்தான் பின்னாடி பதினோரு பேர் கால் வெப்பாங்க.

அன்னைக்கு என் கை வீங்கிப் பேனா புடிக்க முடியலை. ஆபரேஷனுக்குச் சம்மதம் கேக்குற இங்கிலீஷ் பாரத்தை நீதான் தமிழ்ல வாசிச்சுச் சொன்னே. டாக்டரம்மா வந்து, "தங்கச்சி எல்லாம் சொன்னாங்களா, புரிஞ்சுதா"ன்னாங்க. புரிஞ்சுதுன்னு தலையாட்டிட்டு இடது கைரேகை வெச்சேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ வாசிச்சதுல கால்னு ஒரு வார்த்தை வந்துதா? வந்து நான்தான் கவனிக்கலையா? அதைச் சொல்லு. அதுவரைக்கும் கம்பி அங்கேயே இருக்கட்டும்.

ஆண்டாள்


பெரிய முதலியார்சாவடி
27.11.2023

அக்கா,

கோபித்துக்கொண்டு கம்பியோடு உட்கார்ந்திருப்பது யாருக்குத் தண்டனை? எனக்கா? உன் கைக்கா?

நீ ஒன்று கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷமாக அந்த வீக்கத்தைப் பலகைக் காய்ப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது யார்? என் வளைகாப்பில் வளையல் போட்டுவிடும்போதே உன் புறங்கை எலந்தப்பழம் மாதிரி புடைத்திருந்தது. கேட்டேன். "பலகை புடிக்கிற எல்லாக் கையிலயும் இருக்குறதுதான்டி" என்றாய். அன்றைக்கே வந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு எலும்பைக் காப்பாற்றியிருக்கலாமாம். டாக்டரம்மா இதை என்னிடம்தான் சொன்னார், உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு வலிக்கும் என்று நானும் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். வலிக்கட்டும்.

பாரம் வாசித்த அன்று அங்கே ஒரே கூச்சல். பாப்பா மடியில் கிடந்து அலறினாள். நாலு பக்கம். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். முக்கியமானதையெல்லாம் வாசித்தேன். ஐந்து விரலோடு இருக்கிறாய். அதை ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா?

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

ப்ரியா


மரக்காணம்
14.12.2023

ப்ரியா,

(சகாயசெல்விதான். அக்கா பின்னாடியே நின்னு நான் எழுதுறதைப் பாத்துட்டு இருக்காங்க.)

கம்பியை எடுத்தாச்சு. உனக்காகப் போகலை. கம்பி குத்தின இடத்துல சீழ் வெச்சு நாத்தம் வந்துது. சகாயம் வாசல்ல உக்காந்து அழுதா. அவ அழுகை தாங்காம போனேன். ஒரு பொண்ணு விரலை மடக்கி நிமித்திக் காட்டினா, தெனம் நாலு தடவை பண்ணச் சொன்னா, பண்றேன். கை என்ன தப்பு பண்ணுச்சு?

அந்த பாரத்தைக் காட்டுங்கன்னேன். டாக்டரம்மா எதுக்கும்மான்னாங்க. என் ரேகை இருக்குற காகிதம், நான் பாக்கக் கூடாதான்னேன். எடுத்துக் கொடுத்தாங்க. ரெண்டாவது பக்கம், ஆறாவது வரி. சகாயம் எழுத்துக் கூட்டி வாசிச்சா. டாக்டரம்மா அர்த்தம் சொன்னாங்க. வலது பாதத்துல நாலாவது எலும்பை எடுத்துக் கையில வெப்போம், அந்த விரல் பலம் போயிடும், நடக்குறதுல சிரமம் வரலாம், இதுக்குச் சம்மதம். அடுத்த வரியில, இது வேணாம்னா கையில கெட்ட எலும்பை விரலோட எடுத்துடலாம், அதுவும் சரியான வைத்தியம்தான், நோயாளி எதை வேணா தேர்ந்தெடுக்கலாம்னு இருக்குது.

நோயாளின்னா யாருடி? நீயா?

விரலோட எடுத்திருந்தா எப்ப வேலைக்குப் போயிருக்கலாம்னு கேட்டேன். ரெண்டு மூணு மாசம்னாங்க. அப்படின்னா தை மாசம் நான் பாத்தியில இருந்திருப்பேன். நாலு விரல் போதும் எனக்கு. பலகை புடிக்க அதுவே அதிகம். ஆனா சேத்துல நிக்க ரெண்டு காலும் முழுசா வேணும். எங்க செட்டுல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா பாரத்தை மடிச்சு வெச்சாங்க. அப்புறம், "நான் உங்ககிட்டயே நேரா சொல்லியிருக்கணும்மா. படிச்ச தங்கச்சி கூட இருக்காங்கன்னு விட்டுட்டேன்"னாங்க. அவங்க ஒத்துக்கிட்டாங்க. உனக்குத்தான் கூச்சல் கேட்டுதா, பாப்பா அழுதுதா.

வீக்கத்தை நான் காய்ப்புன்னு நெனச்சது என் தப்பு. என் கை, என் தப்பு. அதை நான் பாத்துக்குறேன். நீ ஆறாவது வரியைச் சொல்லு. ஏன் விட்டே?

ஆண்டாள்


பெரிய முதலியார்சாவடி
19.12.2023

அக்கா,

ஆமாம். விட்டுத்தான் வாசித்தேன். கூச்சலும் இல்லை, பாப்பா அழவும் இல்லை. அவள் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வரிக்கு அப்புறம் எட்டாவது வரிக்குப் போனேன். போகும்போது என் குரல் மாறுகிறதா என்று நானே கவனித்தேன். மாறவில்லை. அது எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

சொன்னால் விரலை வெட்டிப் போடச் சொல்வாய் என்று தெரியும். தையில் சேற்றில் இறங்குவாய் என்றும் தெரியும். அதைத் தடுக்கத்தான் விட்டேன். நீ இனிமேல் உப்பளத்துக்குப் போகப் போவதில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். கோட்டக்குப்பம் பள்ளிக்கூடத்தில் ஜூனில் இருந்து என்னை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பாவை யாரிடம் விட்டுப் போவது? "அக்கா இங்கேயே வந்துடும்" என்று வீட்டில் கௌதமனிடம் சொல்லிவிட்டேன். பின்னறையில் உனக்குக் கட்டில்கூடப் போட்டாயிற்று. உன் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு.

ஐந்து விரலும் வேண்டும் என்று நான் நினைத்தது உனக்காகவா, பாப்பாவைக் குளிப்பாட்டும் கைக்காகவா? யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. ஆனால் கால் விஷயம் தெரியும். உன் கால் எனக்குத் தேவைப்படாத கால் என்று நினைத்தேன். வீட்டுக்குள் நடக்க அது போதும் என்று நினைத்தேன்.

எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் நீ இன்னும் திட்டுவாய், அதனால் கேட்கவில்லை. ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது அக்கா. என்னைப் படிக்க வைத்தது அந்த உப்பு என்று நீ பத்துப் பேரிடம் சொல்வாய். படித்துவிட்டு உன்னை அந்த வெயிலிலிருந்து எடுக்க முடியாவிட்டால் எதற்குப் படித்தேன்? அதை ஒரு தடவையாவது நான் கேட்க விட்டிருக்கிறாயா? "உன் வேலையைப் பாரு" என்பாய். நான் என் வேலையைத்தான் பார்த்தேன். திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

ப்ரியா


மரக்காணம்
24.1.2024

ப்ரியா,

உன் லெட்டர் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. சகாயம் மூணு தடவை வாசிச்சா. நாலாவது தடவை வேணாம்னுட்டேன்.

திங்கக்கிழமை மிதி ஆரம்பிச்சாங்க. போனேன். கலியமூர்த்தி பாத்துட்டு, "ஏம்மா ஆண்டாளு, கால் ஆறிடுச்சா"ன்னாரு. ஆறிடுச்சுன்னேன். நான்தான் முதல்ல எறங்கினேன். பத்து அடி நல்லாத்தான் போனேன். அப்புறம் அந்த விரல் சேத்துல மடங்கி உள்ள போயிடுச்சு. அதும்மேலேயே நான் நிக்கிறேன், எனக்கே தெரியலை, பாதி எடத்துல உணர்ச்சி கெடையாது. அடுத்த கால் தூக்கினேன், விழுந்தேன். மூஞ்சி வரைக்கும் சேறு. மங்கம்மா பின்னாடி இருந்து, "குளிக்கிறதுன்னா வாய்க்காலுக்குப் போக்கா, பாத்தியை அழுக்காக்காத"ன்னா. எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எழுந்தேன். இன்னொரு எட்டடி. மறுபடி விழுந்தேன். அப்ப யாரும் சிரிக்கலை.

கலியமூர்த்தி நல்ல மனுஷன். சத்தம் போடலை. "வரப்புல உக்காரும்மா"ன்னு மட்டும் சொன்னாரு.

உக்காந்தேன். அமுதவல்லி முதல் ஆளா போனா. எனக்குப் பின்னாடி ஏழு வருஷம் நடந்தவ. நல்லாத்தான் போனா. அதான்டி வயிறு எரியுது. மோசமா போயிருந்தா வரப்புல இருந்தே ரெண்டு திட்டு திட்டியிருப்பேன்.

உனக்கு அது வெயிலு, சேறு. எனக்கு அது என் எடம். பதினோரு பேருக்கு நான் எங்க கால் வெக்கிறேன்னு கவனம் இருக்கும். உன் வீட்டுப் பின்னறையில யாருக்குடி இருக்கும்?

பாப்பா மேல எனக்குக் கோபம் இல்லை. அவளை நான் வளக்க மாட்டேன்னும் சொல்லலை. நீ கேட்டிருந்தா வருஷத்துல உப்பளம் நிக்கிற மழை மாசம் மூணும் வந்து இருந்திருப்பேன். நீ கேக்கலை. எடுத்துக்கிட்டே.

இந்த வருஷம் எனக்குப் பலகை கெடையாது.

ஆண்டாள்

(ரத்தம் வந்தது அக்கா சொல்லலை. கிளிஞ்சல் கிழிச்சு நாலு தையல். இப்ப பரவாயில்லை. - ச.)


பெரிய முதலியார்சாவடி
1.2.2024

அக்கா,

ஒரு நல்ல செய்தி. கலியமூர்த்தி அண்ணனிடம் போனில் பேசினேன். உன் நிலைமையை விளக்கமாகச் சொன்னேன். ஷெட்டில் உட்கார்ந்து உப்பு மூட்டை தைக்கும் வேலை தருவதாகச் சொல்லிவிட்டார். நிழல், பெஞ்ச், கால் தரையில் படவே வேண்டாம். ஊசி பிடிப்பது உன் விரலுக்கும் நல்ல பயிற்சி என்று பிசியோ பெண்ணும் சொன்னாள், அவளிடமும் கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை முதல் போ.

ப்ரியா


மரக்காணம்
5.2.2024

ப்ரியா,

மறுபடியும் பண்ணிட்டே.

என் வேலைக்கு, என் கைக்கு, என் காலுக்கு நீ இனிமே யார்கிட்டயும் பேசக் கூடாது. கலியமூர்த்தி எல்லார் முன்னாடியும், "தங்கச்சி ரொம்பக் கெஞ்சிக் கேட்டுச்சு, சரின்னுட்டேன்"னாரு. இருபத்திரண்டு வருஷத்துல நான் அந்த ஆள்கிட்ட தண்ணிகூடக் கேட்டதில்லை. நேரா மூஞ்சியப் பாத்து வேணாம்னுட்டு வந்துட்டேன்.

ஆண்டாள்

(இந்த லெட்டர்ல நான் நெறைய விட்டிருக்கேன். - சகாயசெல்வி)


பெரிய முதலியார்சாவடி
20.2.2024

அக்கா,

பதினைந்து நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் "நீ இதைச் செய்" என்றே வருகிறது. நாலு காகிதம் கிழித்தேன். எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. பாப்பாவிடமும் அப்படித்தான் பேசுகிறேன். அவள் பருப்புச் சாதத்தைத் துப்பும்போது வாயைப் பிடித்து அமுக்குகிறேன். நேற்று அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் கை தானாக விலகியது.

மார்ச் மாதம் உனக்குக் கையிலும் நெஞ்சிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கட்டி திரும்பியிருக்கிறதா என்று பார்க்க. அது உனக்குத் தெரியும். எனக்கு அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதுவும் உனக்குத் தெரியும்.

நான் வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை. வா என்றால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ப்ரியா


மரக்காணம்
22.3.2024

ப்ரியா,

வரலாமான்னு நீ கேட்டதுக்கு பதில் போடாம விட்டது வேணும்னுதான். வந்திருந்தா நடுவுல பேசியிருப்பே. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாலும் உன் மூஞ்சி பேசும்.

எக்ஸ்ரே எடுத்தாச்சு. கட்டி திரும்பலை. வெச்ச எலும்பு ஒட்டிக்கிச்சு. ரெண்டு மூணு வருஷத்துக்கு விடாம வந்து காட்டணும்னாங்க, காட்டுவேன். மோதிர விரல் முக்கால்வாசி மடங்குது. சோறு பெசைஞ்சு சாப்புடுறேன்.

மூட்டைதான் தைக்கிறேன். நீ சொல்லி கலியமூர்த்தி கொடுத்ததை வேணாம்னேன் இல்லை, பத்து நாள் கழிச்சு நானே போய்க் கேட்டேன். "அன்னைக்கு வேணாம்னியேம்மா"ன்னாரு. "அன்னைக்கு என் தங்கச்சி கேட்டா, இன்னைக்கு நான் கேக்குறேன்"னேன். ஊசியை எடுத்துக் கொடுத்தாரு. கை வேலைதான், அஞ்சு விரலும் உதவுது. இதைப் படிச்சுட்டு சந்தோஷப்படாதே. உதவுறது வேற, நீ பண்ணது வேற.

இப்ப முக்கியமான விஷயம். எக்ஸ்ரே அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட கால் விரலைக் காட்டினேன். சேத்துல மட்டும் இல்லை, செருப்புலயும் மடங்கி மடங்கி உள்ள போவுது, மேல புண்ணு ஆறவே இல்லை. இதை எடுத்துட்டா மிதிக்க முடியுமான்னு கேட்டேன். எடுக்கலாம், பாதம் கொஞ்சம் ஒடுங்கும், தடுக்காது, ஒரு வருஷம் போனா மிதிக்கலாம்னு நெனக்கிறேன், ஆனா உறுதியா சொல்ல மாட்டேன்னாங்க. உறுதியா சொல்லாதவங்களைத்தான் நான் இப்ப நம்புறேன். "தங்கச்சியக் கேக்கணுமா"ன்னாங்க. வேணாம்னேன். பாரத்தை அவங்களே பக்கத்துல உக்காந்து வரி வரியா தமிழ்ல சொன்னாங்க. மூணாவது வரியில நிறுத்தச் சொல்லி ரெண்டு கேள்வி கேட்டேன். ஒம்பதாவது வரியில ஒண்ணு. பின்னாடி வரிசையில இருந்தவங்க முனகினாங்க. முனகட்டும்னு இருந்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் ஆறாம் தேதி விரலை எடுத்தாங்க. நேத்து தையல் பிரிச்சாங்க. இப்ப கையில அஞ்சு, கால்ல நாலு. என்னைக் கேட்டிருந்தா கையில நாலு, கால்ல அஞ்சு இருந்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கும் உனக்கும் நடுவுல எப்பவும் இருக்கும். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே.

அடுத்த தையில மிதிக்குப் போவேன். முதல் ஆளா இல்ல. அமுதவல்லி எடத்தை நான் கேக்க மாட்டேன். கடைசி ஆளா நின்னு பழகுறேன். விழுந்தா விழுறேன்.

மழை மாசம் மூணும் பாப்பாவைப் பாத்துக்குறேன். இங்க, என் வீட்ல. மத்த ஒம்பது மாசத்துக்கு நீ வேற வழி பாரு. கௌதமனும் அப்பன்தானே.

வரணும்னா வா. என்ன வேணா கேளு, எதையும் சொல்லாதே. என் காலைப் பாத்து அழணும்னா பஸ்லயே அழுது முடிச்சுட்டு எறங்கு.

ஆண்டாள்